ஒரு கட்டை குறைத்து

சனி, ஆவணி 14.

என் மகள் மலர் பாடும் மெல்லிசைக் குழுவுக்குச் செஞ்சியில் கல்யாண வரவேற்புக் கச்சேரி; நடந்ததை அவள் வீட்டுக்கு வந்து சொன்னாள். ஜோடிப் பாட்டுகளில் ஆண் குரலுக்கு வைத்த சுருதி அவளுக்கு மிக உயரம்; அதில் பாடிப் பாடித் தொண்டை புண். இப்படியே போனால் குரல் போய்விடும் என்றார் டாக்டர். இன்று மைக்கிலேயே, "அண்ணா, சுருதிய ஒரு கட்டை கொறைங்க" என்றாள்.

கீபோர்டுக்காரர் முறைத்தார். "இன்னாம்மா, மைக்லயா கேக்குற? மானம் போவுது!"

"அவ்ளோ பெரிய பாப் பாடகியே டிவியில, மேடையிலயே சுருதிய கொறைக்கச் சொல்லி கேட்டாங்கண்ணா. அவங்க மானமா போச்சு?"

கூட்டம் கைதட்டியது. அவர் குறைத்தார்.

கரும்பலகை எட்டாவிட்டால் பிள்ளையையா இழுத்து நீட்டுவோம்? பலகையைத்தான் இறக்குவோம். அந்தப் பாடகியைப் பார்த்துத்தான் விழுப்புரம் குழுவில் பாடும் பெண்ணும் இப்படிக் கேட்கிறாளாம். எங்கிருந்தாலும் அந்தப் பாடகி நன்றாக இருக்கட்டும்.

கச்சேரி முடிந்து வந்தால் மலர் குரல் எழும்பாமல் கதவைத் தட்டுவாள். இன்று தெருமுனையிலிருந்தே கூப்பிட்டாள்: "நைனா, கதவத் தொற!"