பொத்தானுக்கு மேலே அறுக்க வேண்டி

அனுப்புநர்:
தையற்காரி,
தூங்குமூஞ்சி மரத்தடிக் கடை,
பேருந்து நிறுத்தம் எதிரில்.

பெறுநர்:
சாலை மரங்கள் பிரிவு அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: வியாழக்கிழமை வெட்டவிருக்கும் மரத்தின் அடியில் நான்கடியை விட்டுவைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மரத்தை வெட்டக் கூடாது என்று நான் மல்லுக்கு நிற்கவில்லை. உள்ளே பொந்து விழுந்துவிட்டது. போன மாதம் கிளை முறிந்து நிறுத்தத்தின் கூரை நொறுங்கியதை நானே பார்த்தேன். தரையோடு அறுக்கச் சொல்லியிருக்கிறீர்களே, அதுதான் என் புகார்.

2. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், என் மகளின் ஏழாவது பிறந்தநாளன்று, அவளை இம்மரத்தில் சாய்த்து நிறுத்தி நாடாவால் அளந்தேன். நாற்பத்தைந்து அங்குலம். குதிகாலைத் தூக்கி ஏமாற்றப் பார்த்தாள், கள்ளி. உச்சந்தலைக்கு நேரே ஒரு சிவப்புப் பொத்தானை வைத்து என் கணவர் ஆணி அடித்தார். நாலே மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டாள்.

3. வளரும் பிள்ளைக்கு மடிப்பு விட்டுத் தைத்தே பழகிய புத்தி எனக்கு. மரம் உயர உயரப் பொத்தானும் மேலே போகும் என்றே நாங்கள் இருவரும் நம்பினோம். ஆண்டுதோறும் அவள் பிறந்தநாளில் அண்ணாந்து தேடுவோம். கண்ணில் படாது. அடேயப்பா, இவ்வளவு உயரமாகிவிட்டாளா என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். பைத்தியக்காரத்தனம்தான், ஐயா.

4. திங்களன்று தங்கள் மரம் அறுப்பவர் அடிமரத்தில் இருந்த ஒரு புடைப்பைத் தடவிப் பார்த்து, "யாரும்மா இங்க ஆணி அடிச்சது? ரம்பப் பல்லு போயிருமே" என்று கடிந்துகொண்டார். பட்டையைச் செதுக்கினார். மூன்று விரற்கடை ஆழத்தில் சிவப்பாய்த் தெரிந்தது. "மரம் நுனியிலதாம்மா உயரும். அடிமரம் பெருக்க மட்டும்தான் செய்யும். அடிச்ச ஆணி அடிச்ச இடத்துலதான் இருக்கும்" என்றார். நாடாவை வைத்துப் பார்த்தேன். அதே நாற்பத்தைந்து. அன்று முழுவதும் மெஷினை மிதிக்க எனக்குக் கால் வரவில்லை.

5. "ஆபீசர் எழுதிக் குடுத்தா நான் பாட்டுக்கு மேல அறுத்துட்டுப் போறேன்" என்கிறார் அவர். ஆகவே நான்கடிக்கு மேல் அறுக்க உத்தரவிடுமாறு கைகூப்பிக் கேட்கிறேன். அடிக்கட்டை நடைபாதைக்கு இடைஞ்சல் என்றால், என் மேஜையை அதை ஒட்டிப் போட்டுக்கொள்கிறேன். யாரும் இடறி விழாமல் பார்த்துக்கொள்வேன். இத்தனை வருடமும் என் பிள்ளை கைக்கெட்டும் இடத்திலேயே நின்றிருக்கிறாள், ஐயா. நான்தான் தொடவில்லை.

இடம்: கடை
நாள்: 14, செவ்வாய்க்கிழமை

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
தையற்காரி
(கையொப்பம்)

குறிப்பு: உத்தரவை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், கடையில் என் கையில் கொடுக்கவும். என் கணவருக்கு இன்னும் தெரியாது. சாப்பாடு கொண்டுவரும்போதெல்லாம் அவர் இன்னமும் மேலேதான் பார்க்கிறார். அவரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.