ஆளில்லாமல் வந்த எஞ்சின்கள்

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம். மூட்டுவலி குறைந்ததா? நான் நலம்.

மின்சார ரயில் ஓடி நின்றுபோன தடத்தில் கம்பங்களைக் கழற்றுகிறோம். கம்பிகளை முன்பே எடுத்துவிட்டார்கள். நேற்று மதியம் அதே தடத்தில், மூக்கு நீண்ட பழைய மின்சார எஞ்சின்கள் மூன்று சத்தமில்லாமல் வந்தன. உள்ளே ஆளில்லை. மேட்டில் நிறுத்தியிருந்தவை தாமாக நழுவிவிட்டன.

"டேய், விலகுடா!" என்று வெல்டர் என்னை இழுத்துத் தள்ளினார். முழங்கையில் சிராய்ப்புதான், பயப்படாதீர்கள்.

"மேல இன்னும் நாலு நிக்குதே?" என்றேன்.

"சக்கரத்துக்குக் கட்டை வச்சிருக்கு. வேலையப் பாரு" என்றார் மேஸ்திரி.

வந்தவற்றுக்கும் கட்டை வைத்துத்தான் இருந்தது.

தங்கை பாடம் படிப்பதைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். நான் தங்கும் அறையில் சத்தமே இல்லை, அவள் குரலாவது கேட்கட்டும்.

வேன் வந்துவிட்டது. இன்று மேட்டுக்கு நேர் கீழே வேலை.

உங்கள் மகன்