மூன்று நாற்பதுக்கு வரும் பாட்டு

ஜூலை 7, திங்கள்

காற்று. நெருப்பெரிச்சல் ரோடு முழுக்கப் புழுதி. வண்டியில் வந்து சேர்வதற்குள் கண் சிவந்துவிட்டது.

எங்கள் பனியன் கம்பெனி ரேடியோவில் இன்றிலிருந்து எனக்குக் காலை மட்டும். ஒன்பது வருடமாகத் தளம் முழுக்கத் தொங்கும் ஸ்பீக்கர்களில் என் குரல்தான். பாதி நேரம் டைம் ஆபீஸில் வருகைப் பதிவு, பாதி நேரம் மைக். இனி மதியம் மூன்றரை முதல் நான்கு வரை செக்கிங் டேபிள் ஜெபராணி. தூத்துக்குடிப் பக்கம். கம்பெனி ஹாஸ்டல். இருபத்து மூன்று வயது.

மேனேஜர்: "மத்தியானத்துல எல்லாம் தூங்கி வழியறாங்க. புதுக் குரலா இருக்கட்டுமுங்க. கோவிச்சுக்காதீங்க."

கோபமே இல்லை என்றேன். பச்சைப் பொய்.

வாங்க வேண்டியது: சரசுவுக்கு பிரஷர் மாத்திரை, டியூப்லைட் ஸ்டார்ட்டர்.

ஜூலை 10, வியாழன்

ஒருவர் போடும் பாட்டை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன். ஜெ.யைப் பற்றி நாலு நாளில் தெரிந்தது:

மழைப் பாட்டு. ஊர் ஏக்கம்.

ஒடியா பாட்டு. யாருக்குப் புரியும்? மேனேஜரிடம் நல்ல பெயர் வாங்க.

சரியாக மூன்று நாற்பதுக்குத் தினமும் ஒரே பாட்டு. பழைய இழுவை. நடுவில் குழல் வேறு. இது காதல். வேறென்ன? தளத்தில் எவனோ கேட்டுக்கொண்டிருக்கிறான்.

நான் போடுவதெல்லாம் வேகப் பாட்டு. கால் தானாக மிதிக்கும், பீஸ் பறக்கும்.

ஜூலை 14, திங்கள்

டீ நேரத்தில் காதில் விழுந்தது. இரண்டாம் லைன் ராதா: "ஜெபா வந்த பொறகு நாலு மணி எப்ப ஆவுதுன்னே தெரியறதில்லீங்க." ஒடிசா டெய்லர் ஒருவர் ஜெ.யிடம், "தீதி, பஹுத் அச்சா." கண்ணில் தண்ணீர் அவருக்கு.

ஒன்பது வருடத்தில் என்னிடம் ஒரு அச்சா, ஒரு நல்லாயிருக்கு? "அண்ணா, சவுண்டைக் கொஞ்சம் கொறைங்க" என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

வயிறு எரிகிறது. எழுதினால் குறையும் என்று எழுதுகிறேன். குறையவில்லை.

வீட்டில் சரசு: "ஏனுங்க, காத்தாலிருந்து என்னத்தையோ முனகிட்டே இருக்கறீங்க?" நானா? இவளுக்குக் காதில் கோளாறு. இ.என்.டி. டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஜூலை 16, புதன்

புகார்ப் பெட்டியில் ஒரு சீட்டு போட்டேன். இடது கையால் எழுதியது. "3.40 மணிப் பாட்டு ஓர் ஆணுக்கு ஜாடை. விசாரிக்கவும்."

ஹாஸ்டல் பெண்கள் மேல் இப்படிப் பேச்சு வந்தால் அப்பாவை வரச்சொல்லிக் கையோடு அனுப்பிவிடுவார்கள். தெரியும். தெரிந்துதான் போட்டேன்.

இரவு பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். ரசம் நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. சரசு பவானிக்காரி, தேங்காய் சுடாமல் விடமாட்டாள். வாசலெல்லாம் புகை. 3.40க்கு அதே பாட்டு. கேட்கக் கூடாது என்று கக்கூஸில் போய் நின்றேன். அங்கேயும் ஒரு ஸ்பீக்கர். நான் மாட்டச் சொன்னதுதான்.

ஜூலை 19, சனி

விசாரணை. ஹெச்.ஆர். மேடம், மேனேஜர், ஹாஸ்டல் வார்டன். மினிட்ஸ் எழுத வழக்கம்போல நான். இதை யோசிக்கவே இல்லை.

"யாருக்காகம்மா தெனமும் அந்தப் பாட்டு?" வார்டன் கையில் போன். "அப்பா நம்பரச் சொல்லு கண்ணு." அப்புறம்தான் ஜெ. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வைத்தாள்.

"என் இஷ்டத்துக்கு ஒண்ணும் போடல மேடம். தையல் சரியில்லாத ஆல்டர் பீஸத் திருப்பிக் குடுக்க லைன் லைனா போவேம்லா, அப்ப யார் யார் என்ன முனங்குதாவன்னு எழுதிக்கிடுவேன். அதத்தான் போடுதேன்."

மேடம் வாசித்தார். ராதா அக்கா, மழைப் பாட்டு. ஒடிசா அண்ணன், அவுக ஊர்ப் பாட்டு. அப்புறம் நிறுத்தி என்னைப் பார்த்தார். "மூணு நாப்பது, டைம் ஆபீஸ் அண்ணன்."

ஜெ.: "அண்ணன் பஞ்சிங் மெஷின்கிட்ட நிக்கும்போது அந்தக் குழல மட்டும் முனங்குவாவ. பாட்டு வராது. அவுகளுக்கே தெரியாது போல."

எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் என் முதுகில் தட்டினார். எனக்குக் காது இரண்டும் கொதித்தது.

மினிட்ஸ்: "புகாரில் உண்மை இல்லை. எழுதியவர் யாரென்று தெரியவில்லை." இரண்டு வரியும் என் கையெழுத்து. வலது கை.

முடிவில் மேடம்: "தப்பு ஒண்ணுமில்லீங்க. ஆனா ஹாஸ்டல் புள்ள, பேச்சுன்னு ஒண்ணு வந்துருச்சு. மத்தியானத்தையும் நீங்களே பாத்துக்கங்க."

கேட்டது கிடைத்துவிட்டது.

ஜூலை 20, ஞாயிறு

சரசுவிடம் கேட்டேன். "ஆமாங்க, குழல்தான். சவரம் பண்றப்ப, செடிக்குத் தண்ணி ஊத்தறப்ப. எத்தன வருசமா! போன வாரங்கூடச் சொன்னனே, நீங்க எங்க கேட்டீங்க?"

டாக்டரிடம் யாரைக் காட்டுவது?

ஜூலை 21, திங்கள்

ஜெ. டைம் ஆபீஸ் ஜன்னலில் வந்து நோட்டைக் கொடுத்தாள். "நீங்களே வச்சுக்கோங்கண்ணே. மூணு நாப்பதுக்கு ஒங்க பாட்ட மட்டும் விட்டுறாதீய." முகத்தைப் பார்த்தேன். சீட்டு போட்டது நான்தான் என்று தெரியுமா, தெரியாதா? கண்டுபிடிக்க முடியவில்லை. பாட்டை வைத்து ஆளைச் சொல்கிறவன்.

நோட்டில் அறுபதுக்கு மேல் பெயர். வாட்ச்மேன், பாத்ரூம் கழுவும் அம்மா, எல்லோரும். ஒன்பது வருடமும் எனக்குப் பிடித்ததாக நினைத்துத்தான் போட்டேன். அதில் ஒருநாள்கூட இந்தக் குழல் இல்லை.

இரண்டு தடவை புரட்டினேன். அவள் பெயர் எங்கேயும் இல்லை.

3.40க்கு அந்தப் பாட்டைப் போடக் கை வரவில்லை. அறிவிப்பு மட்டும் படித்தேன். குடிதண்ணீர் டேங்க் கழுவுகிறார்கள்.

ஜூலை 24, வியாழன்

காற்று ஓயவில்லை. மத்தியானம் கரண்ட் இரண்டு தடவை போனது.

நாலு நாளாக வருகைப் பதிவேட்டைச் சாக்கு வைத்துச் செக்கிங் டேபிள் பக்கம் நின்று, ஜெ. என்ன முனகுகிறாள் என்று காது கொடுக்கிறேன். குனிந்த தலை நிமிராமல் பீஸைப் புரட்டுகிறாள். ஒரு சத்தமும் இல்லை.

ராதா அந்தப் பக்கம் வந்தாள். "முன்னெல்லாம் இந்தப் புள்ள என்னத்தையாவது பாடிட்டே இருக்குமுங்க. இப்ப வாயே தொறக்கறதில்ல."

என்ன பாட்டு என்று கேட்டேன்.

யோசித்தாள். பக்கத்து டேபிளில் கேட்டாள். அடுத்த டேபிளிலும் கேட்டாள்.

"யாருமே கவனிக்கலீங்களே அண்ணா" என்றாள்.