பதிவேட்டில் வந்துகொண்டிருக்கும் மாரிச்செல்வி

ஆகஸ்ட் 12, செவ்வாய்.

எங்கள் சங்கத்தின் தையல் வகுப்பில் இருபத்தைந்து பெண்கள் இருந்தால்தான் அரசு மானியம் வரும். ஒருத்தி குறைந்தாலும் நின்றுவிடும். ஜூனில் மாரிச்செல்வி வராமல் போனபோது, கம்பெனி வேலைக்காக இருங்காட்டுக்கோட்டையில் எடுத்திருந்த அறையைக் காலி செய்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். விசாரிக்கவில்லை. பதிவேட்டில் மட்டும் தினமும் அவளை வரவைத்தேன்.

இன்று ஆய்வுக்கு வந்த அதிகாரி விரல் வைத்தது அவள் பெயரில். விண்ணப்பத்தில் இருந்த வீட்டுத் தொலைபேசி எண்ணை என் போனிலிருந்தே ஸ்பீக்கரில் போட்டு அழைத்தார். தென்காசிப் பக்கத்திலிருந்து அவள் அம்மா எடுத்தார்.

“உங்க பொண்ணு தையல் கிளாஸ் வர்றது தெரியுமாம்மா? நேத்துகூட வந்திருக்காங்க.”

“நேத்து வந்தாளா சார்? ரெண்டு மாசமா ஒரு போனு இல்லையே. அப்ப நல்லாத்தான் இருக்காளா?” அந்த அம்மா அழுதார்.

“இந்தக் காலத்துப் பொண்ணுங்க அப்படித்தாம்மா” என்று போனை வைத்துவிட்டு, அதிகாரி பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். அவருக்கு டீ வாங்கி வரச் சொன்னேன்.

சாயங்காலம் தையல் டீச்சர் கஸ்தூரி என் போனை நீட்டினாள். “அக்கா, அந்தம்மா கூப்ட்டுகினே கீது. நான் இன்னா சொல்றது?”

வாங்கிப் பேசினேன்.

“தாயி, அவள ஒருவாட்டி பேசச் சொல்லுங்க. ஏச மாட்டேன்னு சொல்லுங்க.”

“சரிம்மா. நாளைக்கு கிளாஸ் முடிஞ்சதும் பேசச் சொல்றேன்.”

நான்தான் சொன்னேன். ஏழு மணிக்கு முடியும் என்று நேரம் வேறு சொன்னேன்.