மெத்தையில் சாய்த்த கொக்கு வண்டிக்குப் பதிவு எண் வேண்டி

அனுப்புநர்:
கொக்கு வண்டி விற்பனை நிலையத்தின் மாடியில் குடியிருப்பவன்,
விற்பனையாளரின் மாமனார்.
(எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல ஜெராக்ஸ் கடை அம்மா தட்டச்சு செய்தது.)

பெறுநர்:
உயர் அலுவலர் அவர்கள்,
வாகனப் பதிவு அலுவலகம், மேல்மாடி.

பொருள்: தங்கள் அலுவலகத்தார் சொன்னபடி, தங்கள் அலுவலக முற்றத்திலேயே, என் மெத்தை மேல் சாய்க்கப்பட்ட புதிய மோட்டார் சைக்கிளை விபத்து வண்டி என்று எழுதியது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். தங்கள் நேரம் எவ்வளவு பெரியது என்பதைத் தங்கள் அலுவலக மரப்பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து அறிந்துகொண்டவன் நான். ஆகவே சுருக்கமாகச் சொல்ல முயல்கிறேன். எனக்கு எழுதத் தெரியாததால், யார் எந்த ஜன்னலில் என்ன சொன்னார்கள் என்பதைத் தலைக்குள்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கீழே வருவதில் ஒரு வார்த்தையும் என் கைச்சரக்கு அல்ல.

2. எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் என் மருமகள் மோட்டார் சைக்கிள் விற்கிறாள். தெருவில் எங்கு திரும்பினாலும் கண்ணில் படுகிற வண்டி அல்ல. கடல் கடந்து வருகிற கம்பெனி. அதன் பெயரைப் படித்தவர்களே ஆளுக்கு ஒரு விதமாக உச்சரிப்பதால், படிக்காதது எனக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை. பெட்ரோல் டேங்கில் ஒரு கொக்கு நிற்கிறது. அதனால் எங்களுக்கு அது கொக்கு வண்டி. மருமகள் இதற்கு முன் எல்லோரும் வாங்குகிற வண்டி விற்கும் பெரிய ஷோரூமில் வேலை பார்த்தாள். அங்கே வண்டிகள் காய்கறி போல விற்றன. ஒருநாள் யாருடையதோ கொக்கு வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "மாமா, நான் இத்தன வருஷமா வித்ததெல்லாம் சக்கரம் வெச்ச நாற்காலி" என்றாள். கப்பலில் வேலை செய்யும் என் மகன் போனில், "அவ சொன்னா சரியாத்தான்பா இருக்கும்" என்று சொல்லிவிட்டு மறுபடி கடலுக்குள் போய்விட்டான். கடை இப்படித்தான் பிறந்தது.

3. இப்படிப்பட்ட கடைக்கு உள்ள சங்கடங்களைத் தங்கள் தகவலுக்காக மட்டும் சொல்கிறேன். இவை புகார் அல்ல. சுவர்கள் கறுப்பாக இருக்க வேண்டும், வெளிச்சம் வண்டி மேல் மட்டும் விழ வேண்டும் என்பது கம்பெனி உத்தரவு. அதனால் உள்ளே வருகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்கிறார்கள், பிறகுதான் வண்டியைப் பார்க்கிறார்கள். பார்த்தவர்கள் அதன் மேல் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். ஊரில் பாதிப் பேர் எங்கள் வண்டியோடு போட்டோவில் இருக்கிறார்கள், ஒருவர்கூட ரோட்டில் இல்லை. "மைலேஜ் எவ்ளோ?" என்று கேட்பார்கள். மருமகள் சொன்னதும் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் போலத் தலையை ஆட்டுவார்கள். "இந்த ஊர்ல வேற யாரு வெச்சிருக்கா?" என்பது அடுத்த கேள்வி. யாரும் இல்லை என்றால், "அப்ப யோசிக்கணும்" என்பார்கள். பக்கத்து ஊரில் ஒருவர் வைத்திருக்கிறார் என்றால், "அப்ப என்ன புதுசு?" என்பார்கள். கடன் கொடுக்கிற வங்கியின் கணினியில் இந்தக் கம்பெனி பெயரே கிடையாது. அங்கிருந்த தம்பி நல்ல மனசோடு, "வேற கம்பெனி பேரப் போட்டுடலாமாக்கா?" என்றார். ஒரு ரப்பர் வாஷர் கேட்டு எழுதினோம். அது வந்து சேர்வதற்குள் பார்த்த நாடுகளை என் ஆயுளில் நான் பார்த்ததில்லை.

4. இந்த நிலையில்தான் டாக்டரம்மா வந்தார்கள். எங்கள் தெருமுனையில் பல் வைத்தியம் பார்க்கிறவர்கள். வெள்ளைக் கோட்டோடு வந்து, வண்டி மேல் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டார்கள். மைலேஜ் கேட்கவில்லை. "இதுல ஏறினா திரும்பி வரவே தோணாது போலிருக்கே" என்றார்கள். மருமகள், "வரணும் டாக்டரம்மா, முதல் சர்வீஸ் ஃப்ரீ" என்றாள். அன்றே வாங்குவதாக முடிவாகிவிட்டது. கடை திறந்ததிலிருந்து அதுதான் முதல் விற்பனை. அதே வாரம் கம்பெனியிலிருந்தும் கடிதம் வந்தது. இந்த மாத முடிவுக்குள் எங்கள் கடையிலிருந்து ஒரு வண்டியாவது பதிவு எண்ணோடு ரோட்டில் இறங்க வேண்டும், இல்லையென்றால் விற்பனை உரிமையை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்களாம். கடிதத்தின் கடைசியில் அன்புடன் என்று போட்டிருந்ததாக மருமகள் வாசித்துச் சொன்னாள்.

5. வண்டியைத் தங்கள் அலுவலக முற்றத்துக்குக் கொண்டுவந்தோம். ஆய்வாளர் வந்தார். மடிப்புக் கலையாத சீருடை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், கடமையில் கறாரானவர். இன்ஜின் நம்பர் எங்கே என்று கேட்டார். மற்ற வண்டிகளில் அது பக்கவாட்டில், கண்ணுக்கு நேரே இருக்கும். கொக்கு வண்டியில் மட்டும் அடிவயிற்றில், இரண்டு குழாய்க்கு நடுவே வெட்டியிருக்கிறார்கள். ஏன் இப்படி என்று மருமகள் முன்பே கேட்டு எழுதியதற்கு, இன்ஜினின் அழகைக் கெடுக்கக் கூடாது என்பதால் என்று கம்பெனி பதில் போட்டிருந்தது. குனிந்தால் போதாது, மல்லாந்து படுத்தால்தான் தெரியும். ஆய்வாளர் தரையைப் பார்த்தார், தன் சட்டையைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். "அடுத்த வண்டி" என்றார்.

6. மறுமுறை வண்டியைத் தூக்கி நிறுத்தும் ஸ்டாண்டோடு போனோம். "ரெண்டு சக்கரமும் தரையில பட்டாத்தான் அது வண்டி. தூக்கி வெச்சா சரக்கு" என்று சொல்லிவிட்டார். செல்போனில் படம் எடுத்துக் காட்டினோம். "நான் பாக்கணும், போன் பாத்தாப் போதாது" என்றார். அப்போது டாக்டரம்மா பையைத் திறந்து, வாய்க்குள் விட்டுப் பல்லின் பின்பக்கம் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்தார்கள். குச்சி முனையில் கண்ணாடி. அதை வண்டியின் அடியில் நீட்டி, "இதோ பாருங்க சார், சொத்தையே இல்லாத நம்பர்" என்றார்கள். ஆய்வாளர் கொஞ்ச நேரம் யோசித்தார். "கண்ணாடில தெரியிறது வண்டி இல்லம்மா, வண்டியோட நெழல். நெழலுக்கு எப்படி நம்பர் குடுக்கறது?" என்றார். "இந்தக் கண்ணாடிய நம்பித்தான் சார் ஊரே எங்கிட்ட வாயத் தொறக்குது" என்று டாக்டரம்மா சொன்னார்கள். உடனே ஆய்வாளர் தன் வாயை இறுக மூடிக்கொண்டதை நான் கவனித்தேன்.

7. நானே அடியில் படுத்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றும் முன்வந்தேன். படுத்தும் பார்த்தேன். எனக்குத் தெரிந்தவரை ஒரு கொக்கி, இரண்டு முட்டை, கவிழ்த்துப் போட்ட ஒரு நாற்காலி, மறுபடி ஒரு முட்டை. "பெரியவரே, கோழிப்பண்ணைக்கா பதிவு கேக்கறீங்க?" என்றார் ஆய்வாளர். முற்றத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு அவரே இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார்: "வண்டியப் படுக்க வைங்க. நின்னபடியே பாத்துடறேன்."

8. புது வண்டியைச் சிமெண்ட் தரையில் சாய்த்தால் டேங்க் நசுங்கும், கொக்குக்குக் கால் போய்விடும். மருமகள், "வேண்டாம் மாமா, விட்டுடலாம்" என்றாள். அவள் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. நான் வீட்டுக்குப் போய் என் மெத்தையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். இலவம்பஞ்சு மெத்தை. எல்லோருமாகப் பிடித்து, பிரசவ வார்டில் படுக்க வைப்பது போல வண்டியை அதன் மேல் படுக்க வைத்தோம். அப்போது இரண்டு சக்கரத்தில் ஒன்றுகூடத் தரையைத் தொடவில்லை. அதை நான் சொல்லவில்லை. ஆய்வாளர் நின்றபடியே நம்பரைப் பார்த்து எழுதிக்கொண்டார். வண்டியில் ஒரு கீறல் இல்லை. மெத்தையில் மட்டும் ஒரு கரண்டி எண்ணெய் சிந்தியது. படுத்தால் எந்த வண்டிக்கும் சிந்தும். மருமகள் அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

9. அவர் எழுதியது முழுக்க உண்மை என்பதுதான் எங்கள் கஷ்டம். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்த நிலையில், எண்ணெய்க் கசிவுடன் காணப்பட்டது என்று எழுதியிருக்கிறார். ஜன்னலில் இருந்த அம்மா அதைப் படித்துவிட்டு, "இது ஆக்சிடென்ட் கேஸ், அந்தப் பக்கம் போங்க" என்றார். அந்தப் பக்கத்தில் இருந்தவர், விபத்து நடந்த இடம் எது என்று கேட்டார். ஜன்னல் வழியாக முற்றத்தைக் காட்டினேன். எதன் மீது மோதியது என்று கேட்டார். மெத்தை என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டு, காவல் நிலையத்திலிருந்து சான்று வாங்கி வரச் சொன்னார். காவல் நிலையத்தில் ஏட்டய்யா முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மெத்தைக்கு உயிருக்கு ஒண்ணும் ஆபத்தில்லையே?" என்று விசாரித்தார். பிறகு, அடிபட்ட ஆள் இல்லாமல் விபத்துச் சான்று தர முடியாது என்றார். விபத்தே நடக்கவில்லை என்று எழுதித் தாருங்கள் என்றோம். நடக்காததற்கெல்லாம் சான்று கொடுக்க ஆரம்பித்தால் நிலையத்தில் பேப்பர் பத்தாது என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

10. ஆய்வாளரிடமே திரும்பிப் போய், சாய்க்கச் சொன்னது தாங்கள்தானே என்று பணிவாக நினைவூட்டினேன். "நான் சொன்னது உண்மை பெரியவரே. எழுதுனதும் உண்மை. ரெண்டும் வேற வேற" என்றார். இத்தனை வயதில் இப்படி ஒரு விளக்கத்தை நான் கேட்டதில்லை. வண்டியும், எண்ணெய்க் கறையின் பொருட்டு என் மெத்தையும், விசாரணை முடியும்வரை தங்கள் அலுவலகக் கொட்டகையில் நிறுத்திவைக்கப்பட்டிருக்கின்றன.

11. ஒன்று மட்டும் தங்கள் கவனத்துக்கு. மருமகள் தினமும் காலையில் கடையைத் திறந்ததும், காட்சிக்கு நிற்கும் வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவாள். ஓடாமல் கிடந்தால் இன்ஜின் இறுகிவிடும் என்பாள். அந்தச் சத்தத்தில்தான் மாடியில் எனக்கு விழிப்பு வரும். டாக்டரம்மாவின் வண்டி கொட்டகைக்குப் போன நாளிலிருந்து அவள் அதைச் செய்வதில்லை. கறுப்புச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். போட்டோ எடுக்க வருகிறவர்களுக்குக் காபி மட்டும் தவறாமல் கொடுக்கிறாள், அது கம்பெனி உத்தரவு. டாக்டரம்மா எத்தனை நாளானாலும் காத்திருப்பதாகச் சொல்கிறார்கள். கம்பெனி காத்திருக்காது. பழைய ஷோரூமிலிருந்து, "நாற்காலி காலியாத்தான் இருக்கு, வந்துடு" என்று போன் வந்தது. அவள் முடியாது என்று சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

12. ஆகவே ஐயா, தாங்கள் தயவுசெய்து ஒருமுறை மேல்மாடியிலிருந்து இறங்கிவந்து அந்த வண்டியைப் பார்க்க வேண்டும். குனிய வேண்டாம், படுக்க வேண்டாம், பார்த்தால் போதும். விழுந்த வண்டி எது, படுக்க வைத்த வண்டி எது என்று அதன் உடம்பே சொல்லும். விபத்து என்ற குறிப்பை நீக்கி, மாதம் முடியும் முன் பதிவு எண் வழங்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இரண்டில் ஒன்றைத்தான் விடுவிக்க விதி இடம் கொடுக்கும் என்றால், வண்டியை விட்டுவிடுங்கள். மெத்தையை எத்தனை காலம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள். எனக்குத் தரை பழகிவிட்டது. காலையில் எழுப்பத்தான் சத்தம் வேண்டும்.

இடம்: கொக்கு வண்டிக் கடையின் மாடி
நாள்: மாதக் கடைசிக்கு முந்தைய வாரம், செவ்வாய்க்கிழமை

இப்படிக்கு,
தங்கள் பெஞ்சில் வழக்கமாக உட்காரும் முதியவன்

(இடது கைப் பெருவிரல் ரேகை. என்னுடையதுதானா என்று ஐயம் இருந்தால், விரலை நேரில் கொண்டுவருகிறேன்.)