சரவணக்குமார் பேருக்கு வந்த கார்கள்

6 பிப்ரவரி 2024, செவ்வாய்

எட்டாம் வகுப்பு அறிவியல் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். வாசலில் கூரியர்க்காரர். "சரவணக்குமார் ஊடுங்களா?"

ஆமாங்க என்றேன். வேறென்ன சொல்வது? கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். கார்த்திகையில் போய்விட்ட என் வீட்டுக்காரருக்கு இப்போது பார்சல்.

பிரிக்கவில்லை. பீரோ மேல் வைத்துவிட்டேன்.

7 பிப்ரவரி

மாமா பிரித்துவிட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கூடமெல்லாம் தெர்மாகோல் துகள், அவர் மடியில் கார். ஐம்பத்தொன்பதாம் வருஷத்து கேடிலாக். ரோஸ் நிறம், பின்னால் மீன் துடுப்பு மாதிரி இரண்டு றெக்கை. முழத்துக்கும் குறைவான நீளம். ஆனால் கதவு திறக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்புகிறது. போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே அலைகிற மனுஷருக்கு அமெரிக்கக் கார்கள் மேல் இந்தப் பித்து எங்கிருந்து வந்ததோ. கண்ணாடி அலமாரி நிறைய இவைதான்.

"பாத்தியா சாமி, என்ற பையன் அனுப்பியிருக்கான். அந்தப் பொட்டில வந்தது வேற எவனோன்னு நாஞ்சொன்னேன்ல?"

அந்தப் பெட்டி. மலைப்பாதையில் ரிக் வண்டி உருண்டு, சத்தீஸ்கரிலிருந்து ஆணியடித்து வந்த பெட்டி. திறக்க வேண்டாம் என்றார்கள். நாங்கள் முகம் பார்க்கவில்லை.

தெர்மாகோலைக் கூட்டி அள்ளினேன்.

10 மார்ச், ஞாயிறு

மாமா இப்போதெல்லாம் கேட்டுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்கிறார். தம் காலமெல்லாம் லாரி ஓட்டியவர். "ஓட்ட முடியாத வண்டிய வாங்கி என்றா பண்றே?" என்று மகனிடம் எரிந்து விழுந்தவர்.

அலமாரியைத் துடைக்கப் போனேன். கார்கள் அத்தனையும் வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றன.

"நாந்தான் திருப்பி வெச்சேன் சாமி" என்றார் மாமா. "வந்ததும் அவன் கண்ணுல படோணுமில்ல?"

23 ஏப்ரல்

இன்னொன்று வந்துவிட்டது. நீல இம்பாலா.

பெட்டியில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். சென்னைக் கடை. அன்பரசு என்று ஒருவர் பேசினார். "சார் போன வருஷமே புக் பண்ணிட்டாரு மேடம். கப்பல்ல வர்றதால லேட்டாகுது. இன்னும் ஒண்ணு பாக்கி, தண்டர்பேர்ட்."

அதை நிறுத்தத்தான் கூப்பிட்டேன். "அவரு இல்லைங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"அனுப்பிருங்க" என்றேன்.

மாமாவுக்காகத்தான். மாமாவுக்காகத்தானே?

2 மே

கடை விஷயத்தை மாமாவிடம் சொல்லவில்லை. சோறு வடிக்கும்போது திடீரென்று தோன்றியது — அந்தப் பெட்டிக்குள்ள நிஜமா யாரு? கஞ்சி கையில் கொட்டியது. எரியுது. எழுத முடியலை.

18 ஜூன்

தண்டர்பேர்ட் வந்தது. வெள்ளை. இனி வர ஒன்றுமில்லை.

21 ஜூலை, ஞாயிறு

வடக்கே மழை தொடங்கி ரிக் வண்டிகள் ஊர் திரும்புகின்றன. இன்று மாரி வந்தான். அவரோடு அதே ரிக்கில் இருந்த பையன். கால் ஒடிந்து அங்கேயே ஆஸ்பத்திரியில் கிடந்ததால் காரியத்துக்கு வர முடியவில்லை. இன்னும் நொண்டுகிறான்.

மாமா எடுத்ததுமே கேட்டார். "என்ற பையன் எங்கீடா இருக்கான்?"

மாரி என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அய்யா... அண்ணன் எனக்குப் பக்கத்துலதானுங்க கெடந்தாரு. நான் தவந்து தவந்து போனேன். மூஞ்சியெல்லாம் மண்ணு. என்ற துண்டுலதான் தொடச்சு உட்டேன். தூங்கற மாதிரிதானுங்க இருந்தாரு. ஊரு வந்து சேர நாளாயிருமுன்னுதான் பொட்டியத் தொறக்க வேண்டாம்னு சொல்லி உட்டாங்க."

"எதாச்சும் பேசுனானா?"

"இல்லீங்கய்யா."

மாமா மாரியின் வலது கையை எடுத்துத் தம் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தோள் குலுங்கியது.

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கே நின்று என்ன நினைத்தேன் தெரியுமா? மூஞ்சி நிறைய மண்ணு இருந்ததுன்னு அவனே சொல்றான். வேற யாரையாச்சும் பாத்திருக்கலாமில்ல? அவனுக்கும் அடிபட்டிருந்துச்சே. மயக்கத்துல என்னத்தைக் கண்டான்?

22 ஜூலை

மாமா தனியாகவே திருச்செங்கோடு போய் மகன் போட்டோவுக்குச் சட்டம் போட்டு வாங்கி வந்தார். கூடத்தில் ஆணியடித்து மாட்டி, தாமே மாலையும் போட்டார். கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியை உள்ளே கொண்டுவந்துவிட்டார்.

"வா சாமி, வெளக்கேத்து."

தலைவலிக்குது மாமா என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். அவரே ஏற்றிக்கொண்டார். ஊதுபத்தி வாசம் கதவிடுக்கு வழியாக வந்துகொண்டே இருந்தது.

9 ஆகஸ்ட், வெள்ளி

மதியம் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நின்று சென்னைக் கடைக்குக் கூப்பிட்டேன்.

"புதுசா ஒண்ணு புக் பண்ணணுங்க. ரொம்ப லேட்டா வர்றது எது?"

அன்பரசு சிரித்தார். "எல்லாரும் சீக்கிரம் வேணும்பாங்க மேடம். ஐம்பத்தெட்டு பிளிமத் இருக்கு. அடுத்த வருஷக் கடைசி ஆயிடும், பரவால்லையா?"

"அதையே போடுங்க."

"சார் பேர்லயே போட்டுடவா?"

"ஆமாங்க."

"விலை கூடின வண்டி மேடம். சார் கையிலதான் குடுப்பாங்க. வீட்ல இருப்பாருல்ல?"

இருப்பாருங்க என்றேன்.