கிளட்ச் கால்

மார்ச் 4, திங்கள்
மேட்டுத் திருப்பத்தில் கிளட்சை மிதித்ததும் இடது முட்டிக்குள் டக் என்று ஒரு சத்தம். கண்டக்டர் திரும்பிப் பார்த்து, "என்னண்ணே, வண்டியா நீயா?" என்றான். வண்டிதான் என்றேன். 28ஆம் தேதி டிப்போவில் உடல் பரிசோதனை. டாக்டர் பத்துத் தடவை உட்கார்ந்து எழச் சொல்வார். முடியாதவனுக்கு ஸ்டியரிங் கிடையாது, டிப்போ வாசல் கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுத வேண்டியதுதான். இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவன் நான். என் கையெழுத்து எனக்கே புரியாது.

மார்ச் 6, புதன்
டிப்போ ஓய்வறையில் பத்து டிரைவர் இருந்தால் ஏழு பேர் மேல் தைல வாசனை. கேட்டுப்பார், ஒருத்தனுக்கும் வலி இல்லை. எங்களில் மூத்தவரான தடியண்ணன் பேண்ட்டுக்குள் முட்டி உறை போட்டிருக்கிறார். உள்ளே குழந்தை ஏதும் தூங்குதாண்ணே என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதை மடக்காமல் நீட்டி வைத்திருந்தேன். பார்த்துவிட்டாரோ?

மார்ச் 11, திங்கள்
இதுவரை செய்த வைத்தியம்: வீட்டுக்காரி வறுத்த உப்பில் ஒத்தடம். கடைத்தெரு எலும்பு வைத்தியர் போட்ட கட்டு. பிரித்தபோது தோலும் கூடவே வந்தது. மச்சினன் தந்த மாத்திரை, அவன் மாமியாருக்கு எழுதிக்கொடுத்தது. வலி போகவில்லை, வயிறு எரிகிறது. ஆஸ்பத்திரிக்கு மட்டும் போகவில்லை. சீட்டு எழுதினால் டிப்போவுக்குத் தெரிந்துவிடும்.
வீட்டுக்காரி சொன்னாள்: "முட்டிய ஊருக்கெல்லாம் காட்டியாச்சு. டாக்டருக்கு மட்டும்தான் மறைக்கிறீங்க."

மார்ச் 14, வியாழன்
ஒரு வழி கிடைத்தது. இறக்கத்தில் கியரை எடுத்து நியூட்ரலில் விட்டால் வண்டி தானாக உருளும், இடது காலுக்கு ஓய்வு. தப்புதான், எஞ்சின் பிடி இருக்காது, பிரேக் ஒன்றுதான் கதி. புதிதாக வந்தவன் செய்தால் நானே காதைத் திருகியிருப்பேன். ஆனால் நாள் முழுக்க வலி பாதிதான்.

மார்ச் 15, வெள்ளி
எழுத வரல.
பள்ளிக்கூட இறக்கம். நியூட்ரல். வண்டி நினைச்சத விட வேகமா போச்சு. கியர்ல போடணும்னா கிளட்ச மிதிக்கணும் — மிதிச்சேன், முட்டி பாதியில மாட்டிக்கிச்சு, கியர் விழல. பிரேக்க மட்டும் அழுத்துறேன், நிக்கல, நிக்கல. பிள்ளைங்க ஓரத்துல வரிசையா நின்னுது. கை பிரேக்க இழுத்தேன். அவங்க கடக்கிற கோட்டைத் தாண்டி ஒரு வண்டி நீளம் போய் நின்னுது.
ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இன்னும் ரெண்டு நிமிஷம் கழிச்சு வந்திருந்தா?
கண்டக்டர் எல்லோரையும் இறக்கிவிட்டு என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான். குரலை உயர்த்தவே இல்லை. "நியூட்ரல்ல விட்டியாண்ணே? பதினோரு வருஷமா உன்கூட ஓடுறேன். நாளைக்கு ஏற மாட்டேன்."

மார்ச் 16, சனி
பரிசோதனை வரைக்கும் காத்திருக்கவில்லை. டிப்போ மேலாளரிடம் போய் முட்டியையும் சொன்னேன், நியூட்ரலையும் சொன்னேன். முட்டியைச் சொன்னபோது எழுதிக்கொண்டிருந்தார். நியூட்ரல் என்றதும் பேனாவை வைத்துவிட்டார். ஒரு வாரம் சஸ்பெண்ட். பிறகு கேட்.
வெளியே வந்தேன். வீட்டுக்குப் பயணியாகப் பஸ் ஏறினேன்.

மார்ச் 19, செவ்வாய்
ஆஸ்பத்திரி. முட்டி எலும்பின் மேல் இருக்கும் மெத்தை தேய்ந்திருக்கிறதாம். இந்த வயதில் நிறையப் பேருக்கு உண்டு, நீ ஒன்றும் அதிசயப் பிறவி இல்லை என்றார் டாக்டரம்மா. அடுத்தவர் மாத்திரையைத் தொடக்கூடாது, எடை குறைக்க வேண்டும், தொடைக்குத் தினமும் பயிற்சி. மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம். ஸ்டியரிங்? அதையும் அப்போதுதான் பார்க்கலாமாம்.

ஏப்ரல் 9, செவ்வாய்
கேட்டில் பதினாறாவது நாள். காலையில் ஐந்தாம் நம்பர் வண்டி வந்து நின்றது. தடியண்ணன் கீழே இறங்காமல், நம்பர் எழுதுவதைப் பார்ப்பது போல ஜன்னலில் குனிந்தார். பின்னால் இரண்டு வண்டி ஹாரன் அடித்தது.
"அந்த டாக்டரம்மா எந்தெந்தக் கிழமைடா பார்க்கிறாங்க?"
இந்த வாரத்தில் இப்படிக் கேட்கும் நாலாவது ஆள். செவ்வாயும் வெள்ளியும், காலையில் சீக்கிரம் போனால் கூட்டம் இருக்காது, வேண்டுமானால் கூட வருகிறேன் என்றேன். கேட்டைத் திறந்துவிட்டேன்.